சிவப்பு எல்லாம் ஒரு பக்கமா

வேலையா? பள்ளிக்கூடத்துலதாம்மா. உடனே டீச்சரான்னு கேட்டுறாதீங்க, இந்தக் கண்ணாடியைப் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் கேக்காக. நான் லேப் அட்டெண்டர். அறிவியல் கூடத்துல இருக்கிற சாமான் எல்லாத்தையும் பாத்துக்கிடுற வேலை. பேரு ஆவுடையம்மாள். கோவில்பட்டிக்குப் பக்கம், பொம்பளப் பிள்ளைக மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம்.

மதுரைக்கு எதுக்குப் போறேன்னா, அது பெரிய கதை. பஸ் இன்னும் சாத்தூர் கூட வரலை, சொல்லலாம். நீங்க தூங்குறதுன்னா தூங்குங்க. தூங்கலையே? சரி.

எனக்கு ஒரு டீச்சர் அநியாயம் பண்ணிட்டாகம்மா. அதைத்தான் சொல்ல வர்றேன்.

முதல்ல எங்க வீட்டுக்காரர்தான் அந்த வேலையில இருந்தாரு. மஞ்சக்காமாலையில போயிட்டாரு. எனக்கு அப்ப இருபத்தொன்பது வயசு. கருணை அடிப்படையில வேலையை எனக்குக் குடுத்தாக. நான் ஒன்பதாவதோட நின்னவ. அறிவியல்ல எம்புட்டு மார்க்குன்னு கேக்காதீங்க. முதல் நாள், அப்ப இருந்த பெரிய டீச்சர், அதான் ஹெட்மிஸ்ட்ரஸ், என்னையக் கூப்பிட்டு பீரோ சாவியைக் கையில குடுத்து, "ஆவுடை, உள்ள ஒண்ணு ஒடஞ்சாலும் ஒண்ணு காணாமப் போனாலும் உன்னையத்தான் கேப்பாங்க. வேலைக்கே வேட்டு வச்சிரும், பாத்துக்கோ"ன்னாக.

பாத்துக்கிட்டேம்மா. பதினேழு வருசம் பாத்துக்கிட்டேன். ஒரு கண்ணாடிக் குழாய் ஒடையலை. ஒரு குண்டூசி குறையலை. வேற பள்ளிக்கூடத்துல போயிப் பாருங்க, லென்சுல கீறல் இருக்கும், தராசுல தட்டு இருக்காது. எங்க பீரோவைத் தொறந்தா கல்யாண வீட்டுச் சீர்வரிசை மாதிரி இருக்கும். 

அதுக்குக் குற்றாலிங்கம் சாரையும் சொல்லணும். அவருதான் பதினாலு வருசம் அறிவியல் சாரு. தங்கமான மனுசர். ஒரு நாள் கூட, "ஆவுடை, பீரோவைத் தொற"ன்னு கேட்டதில்லை. எல்லாத்தையும் போர்டுலயே வரைஞ்சிருவாரு. காந்தம் வரைவாரு பாருங்க, அப்படியே தொட்டு எடுக்கலாம் போல இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு சாக்பீஸ், ஒரு பக்கம் நீல சாக்பீஸ், சுத்தி இரும்புத்தூள் கூடப் புள்ளி புள்ளியா வைப்பாரு. பிள்ளைக அதைப் பாத்து நோட்டுல வரைஞ்சுக்கிடும். எல்லாரும் பாஸு. பீரோவும் பத்திரம். இதுல யாருக்கு என்ன நட்டம்?

அவரு ஓய்வு பெற்றுப் போனாரு. இந்த ஜூன் மாசம் புதுசா ஒரு டீச்சர் வந்தாக. ஜெபக்கனின்னு பேரு, சாத்தான்குளத்துப் பக்கம். சின்ன வயசுதான், இருபத்தெட்டு இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழத்தாம லேப்புக்குள்ள வந்து, "அக்கா, பீரோ சாவி குடுங்களேன், என்னென்ன இருக்குன்னு பாத்துக்கிடுதேன்"ன்னாக.

கடையில போயி "கருவேப்பிலை ஒரு கொத்துக் குடுங்க"ன்னு கேக்கிற மாதிரி!

நான் சொன்னேன், "டீச்சர், பெரிய டீச்சர்கிட்ட இருந்து லெட்டர் வேணும்."

"பாக்கிறதுக்குமா?"

"பாக்கிறதுக்கும்தான்."

சிரிச்சாக. லெட்டரும் கொண்டு வந்தாக. மறுநாள் எட்டாம் வகுப்புக்கு விசை நடத்தணும், சுருள்வில் தராசு குடுங்கன்னு கேட்டாக. அதுக்குத் தனி லெட்டர்னு சொன்னேன். கப்பி கேட்டாக. அதுக்கு வேற லெட்டர். நான் ஒண்ணும் வீம்புக்குச் சொல்லலைம்மா. நாளைக்கு ஒண்ணு ஒடஞ்சா என் தலைதானே உருளும்? ஒரு வாரம் அப்படியே போச்சு. பெறகு அவுக கேக்கிறதை நிறுத்திட்டாக. சரி, புத்தி வந்துருச்சுன்னு நினைச்சேன்.

ஒரு புதன்கிழமை, டீ குடிக்கப் போயிட்டு வர்றேன். கதவைத் தொறந்தா பீரோவைக் காணோம்.

சிரிக்காதீங்கம்மா! எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. ஆளுயர இரும்பு பீரோ, உள்ள நூத்துக்கணக்கான கண்ணாடிச் சாமான். பாத்தா எதிர்ச் சுவத்து ஓரமா நிக்கு. அதுக்கடியில வரிசையா சிலம்பக் கம்பு. சுத்தி எட்டாம் வகுப்புப் பிள்ளைக, மூஞ்சி எல்லாம் வேர்வை, ஒரே கூத்து. நடுவுல இந்த டீச்சர் முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, "இப்போ சொல்லுங்க, முதல்ல பத்துப் பேரு தள்ளியும் ஏன் அசையலை? இப்போ ரெண்டே பேரு தள்ளுனதும் எப்படி ஓடுது?"ன்னு கேக்காக.

பிள்ளைக, "உராய்வு டீச்சர், உராய்வு!"ன்னு கத்துதுக.

"என்ன டீச்சர் இது?"ன்னேன்.

அவுக திரும்பிப் பாத்து, "அக்கா, பீரோவைத் தொறக்கத்தானே லெட்டர் கேட்டீங்க? தள்ளுறதுக்குக் கேக்கலையே?"ன்னாக.

கடப்பாரையைக் குடுத்து ஒரு முனையை நெம்பி, கம்பை உள்ள விட்டிருக்காக. அந்த நெம்புனதும் ஒரு பாடமாம். உள்ள ஒரு குழாய் கூட ஒடையலை, அது வேற விசயம். ஒடஞ்சிருந்தா?

நேரா பெரிய டீச்சர்கிட்டப் போயி நின்னேன். இப்ப இருக்கிறவுக வசந்தகோகிலம், கொஞ்சம் கண்டிப்பு. முழுசாக் கேட்டுட்டு, வாயைக் கைக்குட்டையால பொத்திக்கிட்டாக. இருமல்னு நினைச்சேன். பெறகு, "ஆவுடை, அந்தப் பொண்ணு கேக்கிறதைக் குடுத்துரு. இல்லேன்னா அடுத்து என் மேசையைத் தள்ளிருவா"ன்னாக. நியாயம் கேக்கப் போன எடத்துல இதுதான் கிடைச்சது.

சரி, குடுத்தேன். காந்தப் பாடம் வந்துச்சு. பன்னெண்டு சட்டக்காந்தம், மரப்பெட்டியோட எடுத்து, துணி விரிச்சு, மேசை மேல வச்சேன். பிள்ளைக எல்லாம் "அய்!"ன்னுச்சு. இருக்காதா? சிவப்பும் நீலமும் பளபளன்னு, நேத்து வாங்குன மாதிரி. டீச்சரே, "அக்கா, சூப்பரா வச்சிருக்கீங்களே"ன்னாக. எனக்கு மனசு கொஞ்சம் குளுந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

தாள்ல இரும்புத்தூளைக் கொட்டி, ஒரு காந்தத்தை அதுல பொரட்டி எடுத்தாக. ஒரு தூள் ஒட்டலை. தலை முழுகிட்டு வந்த பிள்ளை மாதிரி சுத்தமா வருது. இன்னொண்ணை எடுத்தாக. அதுவும் அப்படித்தான். மூணாவதுல ரெண்டு மூணு தூள் மனசில்லாம ஒட்டிட்டு விழுந்துச்சு. குண்டூசியைத் தொடவச்சாக. ம்ஹூம்.

உச்சிமாகாளின்னு ஒரு பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். எட்டிப் பாத்துட்டு, "டீச்சர், இது செத்துப் போச்சு"ன்னுச்சு.

வகுப்பே சிரிக்கு. அந்த நேரம் பாத்து பெரிய டீச்சர் உள்ள வந்துட்டாக. வர்ற வியாழக்கிழமை மாவட்டத்துல இருந்து ஒரு அதிகாரி லேப்பைப் பாக்க வாறாராம், அதைச் சொல்ல வந்தவுக, இதைப் பாத்துட்டாக. பன்னெண்டையும் எடுத்து எடுத்துப் பாத்தாக. என்னையப் பாத்தாக. 

"ஆவுடை, சாவி உன்கிட்ட மட்டும்தானே இருக்கு?"

அம்புட்டுதான். ஆனா அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்லா? நல்லதை வெளியே குடுத்துட்டு, பெயிண்ட் அடிச்ச இரும்பை உள்ள வச்சிட்டேனாம். பதினேழு வருசம்மா! என் பிள்ளைக்குக் கூட அப்படி ஒரு காவல் இருந்ததில்லை. அங்கனயே உக்காந்து அழுதேன். பிள்ளைக முன்னாடி. "நான் தொடலை, நான் மாத்தலை, வேணும்னா எங்க வீட்டுல வந்து தேடுங்க"ன்னு என்னென்னமோ கத்துனேன்.

பெரிய டீச்சர் போனதும், பிள்ளைகளை வெளியே அனுப்பிட்டு இந்த ஜெபக்கனி டீச்சர் எனக்குப் பக்கத்துல வந்து பெஞ்சுல உக்காந்தாக. தண்ணி குடுத்தாக. "அக்கா, நீங்க மாத்தலைன்னு எனக்குத் தெரியும். இது எல்லாம் பழைய காந்தம்தான். எப்படி வச்சிருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னாக.

சொன்னேன். எதை மறைக்கணும்? வருசா வருசம் ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் வெளியே எடுப்பேன். மேசை விளிம்புல டொக்கு டொக்குன்னு தட்டி, ஒட்டியிருக்கிற தூசி துரும்பை எல்லாம் உதிர்ப்பேன். எண்ணெய் போட்டுத் தொடைப்பேன். சந்தனம் வைப்பேன். பெறகு சிவப்பு எல்லாம் ஒரு பக்கமா, நீலம் எல்லாம் ஒரு பக்கமா, அச்சு மாறாம அடுக்குவேன். முதல்ல எல்லாம் அடுக்க விடாது, ஒண்ணை ஒண்ணு தள்ளும், திமிறும். ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கிருவேன். நாலஞ்சு வருசத்துல அதுவே பழகிருச்சு. சொன்னபடி அசையாமக் கிடக்கும்.

டீச்சர் கண்ணை மூடிக்கிட்டாக.

"முனையில வைக்கிறதுக்கு ரெண்டு ரெண்டு இரும்புத் துண்டு இருந்திருக்குமே அக்கா?"

"அதா? துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. முதல் வருசமே தூக்கி எறிஞ்சுட்டேன். அழுக்கா இருந்தா எனக்குப் பிடிக்காது."

அவுக மெதுவாத்தான் சொன்னாக. காந்தத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் காந்தம் லட்சக்கணக்குல இருக்காம். காலையில பிரேயருக்கு மணி அடிச்சதும் பிள்ளைக எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கும்லா, அது மாதிரி நின்னாத்தான் அதுக்கு இழுக்கிற சக்தி. தட்டுனா வரிசை கலையுமாம். சிவப்போட சிவப்பைச் சேத்து வச்சாலும் ஒண்ணை ஒண்ணு கலைச்சு விட்டுருமாம். சிவப்புக்குப் பக்கத்துல நீலம்னு மாத்தி வச்சு, ரெண்டு முனையிலயும் அந்த இரும்புத் துண்டைக் குடுத்துட்டா, வருசக்கணக்கா வரிசை கலையாம நிக்குமாம்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்ப இதை நான்தான் கொன்னேன்னு சொல்லுதீங்களா?"

அவுக எந்திரிச்சு பெரிய டீச்சர் ரூமுக்குப் போனாக. நானும் பின்னாடியே போயி கதவு மறைவுல நின்னேன். "மேடம், காந்தம் பழசானா சக்தி குறையுறது வழக்கம்தான். இதுல யாரு தப்பும் இல்லை. வியாழக்கிழமைக்குள்ள சரிபண்ணிரலாம்"ன்னாக.

பாத்தீங்களா? அவுக வாயாலேயே ஒத்துக்கிட்டாக, யாரு தப்பும் இல்லைன்னு. இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் பிள்ளைக முன்னாடி அழுதிருக்க வேண்டாம்லா? அதுதான் நான் சொன்ன அநியாயம்.

சாத்தூர் வந்துருச்சு. சேவு வாங்குவீங்களா? இந்தாங்க, எடுத்துக்கோங்க, நான் வாங்குனா ரெண்டு பேருக்கும்தான்.

எங்க விட்டேன்? ஆமா, சரிபண்ணணும். அதுக்கு ஒரு பெரிய காந்தம் வேணும்னாக. அதை வச்சுத் தேச்சா இதெல்லாம் உசுரு பெறுமாம். பழைய ஸ்பீக்கர் இருந்தா அதுக்குள்ள நல்ல காந்தம் இருக்கும், யாரு வீட்டுலயாவது இருக்கான்னு பிள்ளைககிட்டக் கேட்டாக. எல்லாம் முழிக்குதுக. இப்ப யாரு வீட்டுல இருக்கு?

எங்க வீட்டுல இருந்துச்சும்மா. எங்க வீட்டுக்காரர் லீவு நாள்ல கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டுவாரு. அவரு வாங்குன ஸ்பீக்கர், தாம்பாளம் அகலம். பரண்ல சாக்குப் போட்டு மூடி வச்சிருந்தேன். அது பாடி எம்புட்டோ வருசம் ஆச்சு. கொண்டு போகணுமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில ஆட்டோ புடிச்சுக் கொண்டு போனேன். திருடின்னு பேரு வாங்கக் கூடாதுல்லா, அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்லை.

"அக்கா, இதை ஒடைக்கணுமே, பரவாயில்லையா?"ன்னு கேட்டாக டீச்சர்.

"ஒடைங்க"ன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் குடுத்து நெம்புற சத்தம் கேட்டுச்சு. பெறகு டமார்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, ஒரு பிள்ளை கையில இருந்து வழுக்கி, காந்தம் பறந்து போயி பீரோக் கதவுல ஒட்டிக்கிடுச்சு! உளுந்துவடை மாதிரி வட்டமா, நடுவுல ஓட்டையோட. நாலு பிள்ளைக பிடிச்சு இழுக்குதுக, வரலை. உச்சிமாகாளி காலைப் பீரோவுல ஊன்றி இழுத்து, காந்தத்தோட மல்லாக்க விழுந்துச்சு. நான் சிரிச்சேன். அந்த லேப்புல நான் சிரிச்சது அன்னைக்குத்தான் முதல் தடவைன்னு நினைக்கேன். எங்க மனுசனுக்கு அம்புட்டு பலம் இருந்திருக்கு, இத்தனை வருசமாப் பரண்ல.

டீச்சர் ஒவ்வொரு காந்தத்துலயும் எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு சாக்பீஸால குறிச்சுக் குடுத்தாக. ஒரு முனையில தொட்டு, மறு முனை வரைக்கும் தேச்சுக்கிட்டே போகணும். போயி, தூக்கணும். சுத்தி வந்து, மறுபடியும் முதல்ல இருந்து. திரும்பி வரும்போது தொடக்கூடாது, தொட்டா செஞ்சது எல்லாம் வீண். பிள்ளைக வரிசையில நின்னு நாப்பது நாப்பது தடவை தேச்சுச்சுக. பதினொண்ணு முடிஞ்சது. பன்னெண்டாவதை டீச்சர் என் கையில குடுத்தாக.

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"கை வலிக்குதுன்னு பிள்ளைக சொல்லுதுக. நீங்க செய்ங்க அக்கா."

பொய்யி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கை வலிக்குமா? சரின்னு தேச்சேன். தேச்சு, தூக்கி, தேச்சு, தூக்கி. பிள்ளைக எண்ணுதுக, "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது!" குண்டூசி டப்பா மேல கொண்டு போனேன். நான் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு ஊசி எந்திரிச்சு நின்னுச்சும்மா. தரையில இருந்து கோழிக்குஞ்சு தலையைத் தூக்குற மாதிரி. டக்குன்னு வந்து ஒட்டிக்கிடுச்சு. அது வாலைப் பிடிச்ச மாதிரி இன்னொண்ணு. ஒன்பதாவதுல ஒருத்தரும் இதை எனக்குக் காட்டலை. காட்டியிருந்தா... சரி, விடுங்க.

வியாழக்கிழமை அதிகாரி வந்தாரு. பிள்ளைக செஞ்சு காட்டுச்சுக. அவருக்கு ஒரே சந்தோசம். "இவ்வளவு வருசத்துக்கு அப்புறமும் காந்தம் இந்த இழுவை இழுக்குதே, யாரு பராமரிக்கிறது?"ன்னு கேட்டாரு. பெரிய டீச்சர் என்னையக் காட்டுனாக. "எப்படிம்மா வைப்பீங்க?"ன்னாரு.

எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியலை. "சார், நான் எப்பவுமே சிவப்புக்குப் பக்கத்துல நீலம்னு மாத்தித்தான் வைப்பேன். முனையில இரும்புத் துண்டு குடுப்பேன். தட்டவே மாட்டேன் சார், தட்டுனா உள்ள வரிசை கலைஞ்சிரும்"ன்னுட்டேன். பதினேழு வருசமாச் செய்யுற மாதிரி!

ஜெபக்கனி டீச்சர் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டாக.

அதுல வந்த வினைதான் இந்தப் பயணம். நாலு மாவட்டத்து லேப் அட்டெண்டர்களுக்கும் மதுரையில பயிற்சியாம். அதுல என்னையப் பத்து நிமிசம் பேசச் சொல்லி லெட்டர் வந்துருச்சு. நான் பேசவா? டீச்சர்தான் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தாக. இதோ இந்தத் தாள்தான். 'காந்தங்களைப் பராமரிக்கும் முறை'. அழகா எழுதியிருக்காக. ஆனா எங்கயும் அவுக பேரு இல்லை. காந்தம் செத்த கதையும் இல்லை. "அக்கா, அன்னைக்கு நீங்க சாருகிட்டச் சொன்ன மாதிரியே எழுதியிருக்கேன்"ன்னாக. நக்கலான்னு மூஞ்சியைப் பாத்தேன். நக்கல் இல்லைம்மா.

இப்ப லேப்பைப் பாத்தீங்கன்னா சந்தைக்கடை. தினமும் பீரோ தொறந்து கிடக்கு. இந்த மூணு மாசத்துல ஏழு சாமான் ஒடஞ்சிருக்கு, ஏழு! போன வாரம் அந்த உச்சிமாகாளி முப்பட்டகத்தைக் கீழே போட்டுருச்சு. வானவில் காட்டுற கண்ணாடி, ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு... ஆனா அந்தப் பிள்ளை நின்ன நிலை இருக்கு பாருங்க. வாய் நீளம்னு சொன்னேன்லா, அன்னைக்கு ஒரு வார்த்தை வரலை. ஒடஞ்ச துண்டைக் கையில பொறுக்கிக்கிட்டு நிக்கு. "வீட்டுல சொல்லிருவீங்களா அக்கா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. நான் பதிவேட்டை எடுத்து, 'தொடைக்கும்போது அட்டெண்டர் கை தவறி ஒடஞ்சது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? மறுநாளும் அது வகுப்புக்கு வரணும்லா?

திருமங்கலம் தாண்டிட்டோமா? பேச்சுல தெரியலை பாருங்க.

நான் கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லுங்கம்மா. நாளைக்கு அங்க எம்பது பேரு இருப்பாக. எல்லாரும் என்னைய மாதிரித்தான். ஒவ்வொருத்தர் இடுப்புலயும் ஒரு சாவி, தலைக்குள்ள, "ஒடஞ்சா உன்னைத்தான் கேப்பாங்க"ன்னு ஒரு சத்தம். எல்லாரும் தட்டியிருப்பாக. சிவப்பை எல்லாம் ஒரு பக்கமா அடுக்கியிருப்பாக. நான் பிறவியிலேயே தெரிஞ்சவ மாதிரி இந்தத் தாளைப் படிச்சா, தலையை ஆட்டிட்டு, ஊருக்குப் போயி பீரோவை இன்னும் இறுக்கிப் பூட்டிக்கிடுவாக. எனக்குத் தெரியும். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். இந்தத் தாளைப் படிக்கவா, நடந்ததைச் சொல்லவா?

நீங்க சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க. அந்த டீச்சரும் இப்படித்தான்.

மாட்டுத்தாவணி வரப் போகுது, பையை எடுத்துக்கோங்க. சரிம்மா, நான் ஒண்ணு பண்ணுறேன். தாளை மடிச்சு வச்சிருதேன். எந்திரிச்சு நின்னு, வணக்கம் சொல்லிட்டு, "என் பேரு ஆவுடையம்மாள். பன்னெண்டு காந்தத்தை நான் தட்டித் தட்டியே கொன்னேன். எங்க ஜெபக்கனி டீச்சர்தான் உசுரு குடுக்கச் சொல்லிக் குடுத்தாக. இங்க என்னைய மாதிரி தட்டுனவுக எத்தனை பேரு, கையைத் தூக்குங்க"ன்னு கேக்கப் போறேன்.

உடனே யாரும் தூக்க மாட்டாக. பயப்படுவாக. இருக்கட்டும். நான் தூக்கிக்கிட்டே நிப்பேன்.